பச்சை மை

நேர்மையின் சிகரமாம். பிளெக்ஸ் அடித்தவன் சிகரத்தை முழ உயரத்துக்குப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஆளின் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தான். ஆசிரியர் ஆவுடைநாயகம் அவர்கள் படத்திறப்பு, ஞாயிறு காலை பத்து மணி. மணி இப்போது பதினொன்றே கால். படத்தைத் திறந்தாயிற்று, ரோஜா மாலை போட்டாயிற்று, இன்னும் இரண்டு பேர் பேச வேண்டும், அதற்கப்புறம் மகள் சண்முகவடிவு நன்றி சொல்ல வேண்டும், அதற்கப்புறம் எல்லாருக்கும் தயிர்சாதப் பொட்டலம். வடிவு பள்ளிக்கூட ஹாலின் முதல் வரிசையில், காற்றாடிக் காற்று எட்டியும் எட்டாமலும் வருகிற இடத்தில், முதுகில் பிளாஸ்டிக் நாற்காலி ஒட்ட உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி குத்தாலிங்கம். நன்றின்னு ரெண்டு வார்த்த, அதோட எறங்கிருக்கா, வேற ஒண்ணும் பேசிராத என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான், பல் தேய்க்கும்போது ஒரு தடவை, மாலை வாங்கும்போது ஒரு தடவை, ஆட்டோவில் இரண்டு தடவை. வேற ஒண்ணும் என்றால் எந்த ஒண்ணு என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்பா இந்தப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறார். அவளுடைய பிறந்த தேதியைச் சுரண்டியிருக்கிறார். போன வாரம்தான் அவளே கண்ணால் பார்த்தாள், பார்த்த அன்றைக்கே ஓசூருக்கு போன் போட்டுத் தம்பியிடம் சொன்னாள், அவன் பதறிப்போய், யக்கா, அப்பா பேரு நாறிரும், யார்ட்டயும் மூச்சு விட்றாத என்றான். ஒரு வாரமாக மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது, டைப் அடிக்கும்போது, கொடியில் துணி காயப்போடும்போது அது தொண்டைக்கு வந்து வந்து திரும்பிப் போனது. இன்றைக்கு அந்த மைக் முன்னால் நிற்கும்போது சொல்வதா, முழுங்குவதா? சொல்லாதே என்கிறவன் கெட்டவன் இல்லை, அப்பாவின் பேரைக் காப்பாற்றத்தான் சொல்கிறான். எந்த அப்பாவின் பேரை என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பான்.

படத்தில் இருக்கிறவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பென்ஷன் அட்டைக்கு எடுத்த போட்டோதான், ஆனால் ஸ்டூடியோக்காரன் கன்னத்துக் குழியை நிரப்பி, தலைமுடியைக் கறுப்பாக்கி, போதாக்குறைக்கு மூக்குக்கண்ணாடியில் கட்டியிருந்த நூலையும் எடுத்துவிட்டிருக்கிறான். அந்த நூல் அவனை என்ன செய்தது? பீடி கட்டுகிற சிவப்பு நூல். கண்ணாடியின் ஒரு பக்கத்துக் கம்பி ஒடிந்துபோனதிலிருந்து இருபது வருசம் அந்த நூல்தான் அதை அவர் காதில் நிறுத்தி வைத்திருந்தது. அறுந்தால் கீழத்தெருவில் யார் வீட்டு வாசலிலாவது போய் நின்று, தாயி, ஒரு சாண் நூலு குடு என்பார். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அவர்கள் பிய்த்துக் கொடுப்பார்கள். அந்தத் தெருவில் அவர் நிற்காத வாசல் கிடையாது. ஜூன் மாசம் வந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்கக் கிளம்பிவிடுவார். மண்ணில் விளையாடுகிறதைக் கையைப் பிடித்து நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடு பாப்போம் என்பார். தொட்டால் அஞ்சு வயசு. தொடவில்லையென்றால், நல்லா எக்கு, எக்கித் தொடு என்று அவரே முழங்கையைக் கொஞ்சம் தள்ளிவிடுவார். எப்பம் பொறந்துச்சு என்று தாய்க்காரியைக் கேட்டால் ஒருத்தி கோயில் கொடைக்கு மறுநாள் என்பாள், இன்னொருத்தி எங்க செவல ஆடு குட்டி போட்டுச்சுல்லா அந்த வாரம் என்பாள். வருசம் கேட்டால் சிரிப்பாள். அப்பா யோசிக்கிற மாதிரி ஆகாயத்தைப் பார்த்துவிட்டு ஜூன் அஞ்சு என்று எழுதுவார். எல்லாருக்கும் ஜூன் அஞ்சுதான். பள்ளிக்கூடத்துல சேக்க அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், முடிஞ்சாச்சு, அதுக்கு மேல ஒரு நாள் எதுக்குக் கூட்டணும், பின்னால சர்க்கார் வேலைக்குப் போனா அத்தன நாளும் மிச்சம்லா என்பார். ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததுகளுக்குச் சர்க்கார் வேலைக் கணக்குப் போட்ட மனுசன். முப்பத்திச் சொச்சம் வருசம் இப்படி எழுதியதில் ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள். இப்போது பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஜூன் அஞ்சாம் தேதி வந்தால் கேக்கும் பலூனுமாக போன் சூடேறிப் போகும், யாருக்குச் சொல்ல யாரை விட என்று தெரியாமல் எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். வடிவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு பலூனும் வராது.

மேடையில் இசக்கியம்மா பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பில் வடிவுக்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்த இசக்கி, இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். சார் மட்டும் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கலன்னா நான் இன்னிக்கும் பீடிதான் சுத்திட்டு இருந்திருப்பேன் என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது, கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். உண்மைதான். வடிவுக்கும் கண் கலங்கியது, அதோடு சேர்ந்து வயிறும் எரிந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். செவல ஆடு குட்டி போட்ட வாரத்தில் பிறந்தவளுக்கு ஒரு தேதி கிடைத்து, அந்தத் தேதி அவளை வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்து, இன்னும் மூன்று வருசம் சர்வீஸும் மிச்சம் வைத்திருக்கிறது. வாத்தியார் மகளுக்கு? வாத்தியார் மகளுக்கு உள்ளபடிக்கே ஒரு தேதி இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. 1967 டிசம்பர் இருபத்தொன்று. குளம் மறுகால் பாய்ந்து பஸ் வராத மழை நாளன்றைக்கு, இடுப்பு வலி கண்ட அம்மாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, முழங்கால் தண்ணீரில் இரண்டு மைல் தள்ளிக்கொண்டே போனவர் அவர். அந்தத் தேதியை அவரால் எப்படி மறக்க முடியும்? அவளைச் சேர்த்த அன்றைக்கும் அவர்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார், உள்ளே போனதும் ஆளே மாறிவிட்டார். பேரென்ன என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அப்பா பேரென்ன என்று கேட்டார். நீங்கதான் என்றாள். காதத் தொடு என்றார். அவளுக்குத் தாராளமாக எட்டியது, காதைத் தாண்டித் தாடையையே தொட்டாள், அஞ்சரை வயசுப் பிள்ளைக்கு எட்டாதா என்ன. அவர் பேனாவை எடுத்து நீல மையில், டிசம்பர் இருபத்தொன்று என்று, தாய்க்காரியையும் கேட்காமல் ஆகாயத்தையும் பார்க்காமல் எழுதினார். அந்த முகம் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதில் பெருமைதான் இருந்தது, தேதி தெரிந்த ஒரே பிள்ளை தன் பிள்ளை என்கிற பெருமை.

அந்தப் பெருமைக்குக் கூலி இருபத்தஞ்சு வருசம் கழித்து வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருசத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்து, பன்னிரண்டு வருசம் காத்துக் கிடந்த பிறகு எழுத்தர் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் நாலு வருசம் பட்டது போதும் என்று அவள் பெட்டியோடு திரும்பி அப்பா வீட்டுக்கு வந்திருந்த காலம் அது. இனிமேல் யார் சோற்றையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், ஜனவரி ஒண்ணாம் தேதிக்கு முப்பது தாண்டக்கூடாதும்மா, பதினோரு நாள் கூடிப்போச்சே என்றார். பதினோரு நாள்! ஜூன் அஞ்சு என்றிருந்தால் ஐந்து மாசம் கையில் நின்றிருக்கும். வீட்டுக்கு வந்து அவள் ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்தீகளே, எனக்கு ஒரு ஆறு மாசம் கொடுக்கக் கூடாதா, நான் என்ன தவிட்டுக்கா வாங்கின பிள்ள என்று கத்தினாள். அவர் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "தெரியாததுக்கு எழுதலாம். தெரிஞ்சத எப்படிளா மாத்தி எழுத?" அதோடு அவள் பேச்சை நிறுத்தினாள். ஏழு மாசம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வெந்த சோற்றை அவளே அவருக்குப் பரிமாறிக்கொண்டு, ஏழு மாசம் ஒரு சொல் கிடையாது. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிப் பேசியே இளைத்துப்போனாள். அந்த ஏழு மாசத்தில் ஒரு நாள்தான் அவர் கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், ரசம் பட்டு எரிந்து கையை உதறினார். என்னாச்சு என்று அம்மா கேட்டதற்குச் சாக்பீஸ் டப்பாத் தகரம் கிழிச்சிட்டு என்றார். வடிவு கேட்கவில்லை. அப்பளத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாராக்கும். ஆடி கழிந்து ஒரு நாள் சைக்கிள் கேரியரில் பழைய டைப்ரைட்டர் ஒன்றைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார், அதே கேரியர், அம்மாவை வைத்துத் தள்ளிய அதே மாதிரி, மேஜையில் இறக்கி வைத்து, ஓடுதான்னு பாரு என்றார். ரிப்பன் இல்லையே என்றாள் அவள். அவ்வளவுதான் சமாதானம். அதற்கப்புறம் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரில் ஒரு மேஜை போட்டு, இருபத்தாறு வருசமாக மற்றவர்களின் நிலத்தையும் வீட்டையும் அவர்களின் வயதையும் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். சொந்தக் காலில் நின்றாள். ஆனால் உள்ளே அந்தப் பதினோரு நாள் ஆறவே இல்லை, அவர் கண்ணை மூடிய அன்றைக்கும் அது ஒரு ஓரத்தில் கிடந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, வெட்கப்பட மாட்டேன் என்றும் இருக்கிறது.

போன வாரம் வாரிசுச் சான்றுக்கு வயது அத்தாட்சி கேட்டார்கள் என்று இங்கே வந்தாள். இப்போதைய தலைமை ஆசிரியை ஜெபராணி டீச்சர் நல்ல பிள்ளை, பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துத் துடைத்து, இருநூற்றுப் பதினாலாம் நம்பரை விரலால் தேடிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரோ கை வச்சிருக்காவ மேடம் என்றாள் மெதுவாக. வடிவு குனிந்து பார்த்தாள். மேலேயும் கீழேயும் வரிசையாக ஜூன் அஞ்சு, ஜூன் அஞ்சு, எல்லாம் நீல மை, வெளிறிப்போன நீலம். அவள் வரியில் மட்டும் தேதி இருந்த இடம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து கிடந்தது. பக்கத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. அந்த மெலிந்த இடத்தில், மை ஊறிக் கொஞ்சம் பரவி, பச்சையில், டிசம்பர் இருபத்தொன்று. பழையபடி அதே தேதி. தலைமை ஆசிரியர் ஆன பிறகுதான் அவருக்குப் பச்சை மை, அதுவும் ஓய்வு பெறுகிறதுக்கு இரண்டு வருசம் முந்தி. பக்கத்திலே ஓரத்தில், திருத்தம் செய்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற விதிப்படி, சின்னதாக ஆ.நா., அதற்குக் கீழே 12-2-98. அடப்பாவி மனுசா! திருடப் போன இடத்தில் கையெழுத்தும் போட்டுத் தேதியும் போட்டு வைக்கிற திருடன் உலகத்தில் உண்டா? நீல மை கிடைக்காமலா போயிற்று, ஒரு நீலப் பேனா இருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காதே. பதினோரு நாள் கூடிப்போச்சு என்று அவள் வந்து கத்திய மறு மாசம். பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போன பிறகு, அந்த மேஜையில், பீரோவைத் திறந்து, சவரப் பிளேடை இரண்டாக உடைத்து, நூல் கட்டின கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒரு வருசத்தில் வரப்போகிற பென்ஷனை, முப்பது வருசத்துப் பேரை, எல்லாவற்றையும் அந்தப் பிளேடு முனையில் வைத்துவிட்டுச் சுரண்டியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றுதான் அவளுக்கு மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது. சுரண்டி முடித்து, ஊதித் தள்ளி, அந்த இடம் வெறும் தாளாக இருந்திருக்கும். எவ்வளவு நேரம்? அஞ்சு நிமிசமா, ஒரு மணி நேரமா? அந்த நேரம் முழுக்க அவளுக்குப் பிறந்த தேதியே கிடையாது. ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகளைப் போல அவளும் தேதி இல்லாத பிள்ளை. ஜூன் அஞ்சு என்று எழுதிவிட வேண்டியதுதானே, கை பழகின தேதிதானே அது. பேனாவை எடுத்தபோது குளம் மறுகால் பாய்ந்ததா, கேரியரில் அம்மா முனகினாளா, என்ன வந்து கையைப் பிடித்தது? எழுத வரவில்லை அவருக்கு. விரல் கிழிந்ததுதான் மிச்சம்.

கைதட்டல் கேட்டது. இசக்கி இறங்கிவிட்டாள், துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற முகைதீன் பிச்சை மைக்கைப் பிடித்திருந்தார். அவரும் ஜூன் அஞ்சுக்காரர்தான், நல்ல மனிதர், இந்தக் கூட்டத்துக்கு அலைந்து திரிந்தவரும் அவர்தான். ஆனால் மைக்கைக் கண்டால் அவருக்குத் தமிழ் வேறு மாதிரி ஆகிவிடும். நமக்கெல்லாம் வாழ்வு தந்த ஆசான், தன் சொந்த மகளுக்கு என்ன செய்தார் தெரியுமா என்று கையை நீட்டி வடிவைக் காட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. ஒரே ஒரு தேதியை மாற்றியிருந்தால் மகளுக்கு அரசு வேலை, மாற்றினாரா? மகள் கண்ணீர் விட்டும் மாற்றவில்லை! ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை! அதனால்தான் அவரை நேர்மையின் சிகரம் என்கிறோம்! ஹால் அதிரக் கை தட்டினார்கள். இசக்கிகூடத் தட்டினாள். வடிவுக்குக் காது சுட்டது. அவள் கைவிட்டுப் போன வேலையை, ஏழு மாசத்துப் பேச்சுப் பட்டினியை, இருபத்தாறு வருசம் வெயிலில் போட்ட மேஜையை எடுத்துக் கழுவித் துடைத்து அந்தப் படத்துக்கு மாலையாகப் போடுகிறார்களே. மகள் அழுதும் அசையாத மனுசனாமே, அதற்கா கைதட்டல்? அப்படி ஒரு கல்லையா அவள் அப்பா என்று கூப்பிட்டாள்? லிங்கமும் தட்டிக்கொண்டிருந்தான், தட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்து, யக்கா, நன்றி மட்டும் என்றான். பயமாகத்தான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாத்தியார் கள்ளக் கையெழுத்துப் போட்டாராமே என்று சந்தையில் பேசுவார்கள், இசக்கியின் தேதி எப்படி என்று எவனாவது கிளறுவான், அந்தப் படத்தை ஹாலில் மாட்டக் கூடாது என்று நிர்வாகத்தில் எவனாவது மனுக் கொடுப்பான். செத்துப் போனவரால் வந்து பதில் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்போது அவரே சொல்லாமல் மறைத்ததைச் சொல்ல இவளுக்கு என்ன பாத்தியதை? மறைத்தாரா? மறைக்கிறவர் பச்சையிலா எழுதுவார்? யாராவது ஒரு நாள் திறந்து பார்க்கட்டும் என்றுதானே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். அந்த யாராவது நான்தான், திறந்து பார்த்துவிட்டேன், இனிமேல் பார்க்காதவளாக என்னால் உட்கார முடியாது. அடுத்தபடியாக நன்றியுரை, ஆசிரியரின் மகள் என்று கூப்பிட்டார்கள்.

எழுந்தபோது சேலை நாற்காலியில் ஒட்டிப் பிரிந்தது. லிங்கம் முந்தானை நுனியைப் பிடித்தான், சின்ன வயசில் கடைக்குப் போகும்போது பிடிப்பானே அதே மாதிரி. அவள் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மேடையேறினாள். மைக் முகைதீன் பிச்சையின் உயரத்துக்கு இருந்தது, அதைப் பிடித்துத் தன் வாய்க்கு இறக்கினாள், அது ஒரு கூவல் கூவி அடங்கியது. பக்கத்தில் நூல் இல்லாத கண்ணாடியோடு அப்பா. அவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா சிகரமெல்லாம் இல்ல," என்றாள். "நான் அழுததுக்கு அவரு கல்லு மாதிரி உக்காந்திருக்கவும் இல்ல. எனக்கு வேல போன மறு மாசம் பதிவேட்டுல பிளேட வச்சு என் தேதியச் சுரண்டியிருக்காரு. இருநூத்திப் பதினாலாம் நம்பரு. பீரோவுலதான் இருக்கு, போயிப் பாருங்க."

முகைதீன் பிச்சை பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். லிங்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜெபராணி டீச்சர் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுரண்டிட்டு, பொய்ய எழுத வராம, திரும்ப அதே தேதியத்தான் எழுதி வச்சிருக்காரு. பக்கத்துல கையெழுத்து வேற. திருடத் தெரியாத மனுசன். ஆனா எனக்காவத் திருடப் போனாரு. அதச் சொல்லாம இந்தப் படத்த இங்க மாட்ட நான் விட மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். இசக்கியைப் பார்த்தாள், முகைதீன் பிச்சையைப் பார்த்தாள், வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த ஜூன் அஞ்சுகளையெல்லாம் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் அவரு ஒரு தடவதான் எழுதுனாரு. எனக்கு ரெண்டு தடவ எழுதியிருக்காரு."

நன்றி சொல்ல விட்டுப்போனது படியில் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. லிங்கம் சொல்லிக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.